உறை

புந்தா அரெனாசில் காற்று
கதவைத் தட்டுவதில்லை, தோளால் இடிக்கும்.
நண்டுப் படகிலிருந்து வந்ததும்
அக்காவின் பழைய எந்திரத்துக்குப் பின்னால்
என் கையுறைகளைக் காயப் போடுகிறேன்.
உள்ளே மூலநிரல் வெந்துகொண்டிருக்கிறது,
ஒன்பது மணி நேரமாக.

இந்தச் சில்லைச் செய்த கம்பெனியே
இதை மறந்து இருபது வருடம்.
டானிட்சா பகலில் துறைமுக அலுவலகத்தில்
சரக்குச் சீட்டுகளுக்கு முத்திரை குத்துகிறாள்.
இதற்குச் சம்பளம் கிடையாது.
போன வருடம் ஸ்லோவேனியாவிலிருந்து யாரோ
ஒரு மின்விசிறி அனுப்பினார்,
பெட்டியெல்லாம் தபால்தலை.

"கம்பைலரை எது கம்பைல் செய்யும்?"
ஒருநாள் கேட்டேன்.
கிண்ணத்துப் பாலைக் காட்டினாள்:
நேற்றையது இன்றையதை உறைய வைக்கும்.
"முதல் உறை?"
"பக்கத்து வீட்டில் யாரோ கொடுத்தது."

பத்தாவது மணியில் மின்சாரம் போனது.
தெரு முழுக்க இருட்டு.
ஸ்லோவேனிய விசிறி மட்டும்
மனமில்லாமல் கொஞ்சம் சுற்றி நின்றது.

அவள் திட்டவில்லை.
மெழுகுவத்தி ஏற்றி,
அச்செடுத்து வைத்திருந்த தாளில்
நாற்பத்தோராம் வரியை அடித்தாள்.
"இது எப்படியும் தப்பு. நல்ல வேளை."

"எத்தனை பேர் இதை வைத்திருக்கிறார்கள்?"
"பதினேழு." பிறகு யோசித்து,
"பதினாறு. அந்த உலான்பாத்தர் ஆள்
டிசம்பரிலிருந்து எதுவும் எழுதவில்லை."

விடியுமுன் விளக்கு வந்தது.
கெர்னலிலிருந்து மறுபடி தொடங்கினாள்.
திரையில் எச்சரிக்கைகள்
ஆலங்கட்டி மாதிரி விழுந்து உருண்டன.
பதினேழு பேருக்கா, பதினாறு பேருக்கா,
நான் கேட்கவில்லை.

கையுறைகளைத் திருப்பிப் போட்டேன்.
இடது கட்டைவிரல்
இன்னும் ஈரம்.