உப்புக் காக்கும் டிராகன்

மார்சிலிங்கில் புரோட்டாக் கடை மூடப் பத்து நிமிடம்.
கடைப்பையன் நாற்காலிகளைக் கவிழ்க்கத் தொடங்கிவிட்டான்.
நாங்கள் இன்னும் ஒரு டிராகனைப் பேசி முடிக்கவில்லை.

குமணனுக்கு எல்லாவற்றிலும் சட்டம் வேண்டும்.
மந்திரம் என்றால் அதற்கொரு விலை இருக்கணும்,
கோலை நீட்டினால் மலை நகர்வதெல்லாம்
சோம்பேறி எழுத்து என்பான்.
பாசிர் பாஞ்சாங்கில் பளுதூக்கி ஓட்டுகிறவன்.
எதுவும் சும்மா நகராது என்று
முதுகெலும்பால் படித்தவன்.

நிலோஃபருக்கு வரைபடம் போதும்.
முதல் பக்கத்தில் ஆறு, காடு, கோணலாய் ஒரு கோட்டை,
ஓரத்தில் பொடி எழுத்தில்
‘இதற்கப்பால் யாரும் போனதில்லை.’
கடைசிவரை அங்கே போகாத புத்தகத்தை
அவள் மன்னித்ததே இல்லை.
பேசும் எலிகளைப் பற்றி அவளிடம் வாயைத் திறக்கக் கூடாது.

நான் பசிக்கட்சி.
பிள்ளைகள் சுரங்கத்தில் விழுந்து
மூன்று நாள் நடந்தும்
ஒருத்தர்கூடச் சாப்பிடவில்லை என்றால்
அங்கேயே மூடிவைத்துவிடுவேன்.

அதனால்தான் அந்தப் புத்தகம்.
பொன்னையல்ல, உப்பைக் காக்கிற டிராகன்.
மலை உச்சியில் ஒரே ஒரு குவியல்,
கீழே ஊர் முழுக்கச் சப்பென்ற கஞ்சி.
கேட்டு ஏறிவரும் பெண்ணிடம் அது
ஒரு கை உப்புக்கு ஒரு பொய் கேட்கும்.
இதுவரை யாரும் சொல்லாத பொய்.

மூவருமே படித்திருந்தோம். அதுதான் வினை.

‘அந்த முடிவுக்கே கும்பிடலாம்,’ என்றேன்.
‘டிராகன் அவளுக்கு வேலை போட்டுக் கொடுக்குமே,
இரவுக் காவல் நீ, பகல் காவல் நான்,
படுக்க ஒரே பாறை,
ஒருத்தர் எழுந்த சூட்டில் இன்னொருத்தர் படுத்து…’

நிலோஃபர் தே ஓவைக் கீழே வைத்தாள்.
‘எந்த டிராகன்? அது பறந்து போயிடுமே.
வரைபடத்தைத் தாண்டி.’

‘மழையில கரையும்,’ என்றான் குமணன்.
‘உப்பு தின்னே வளர்ந்த உடம்பு. விலை.
நான் சொல்லலை?’

கைபேசியில் தேடினோம்.
உப்பின் விலை வந்தது,
இரத்தக்கொதிப்புக்கு ஆறு யோசனை வந்தது.
புத்தகம் வரவில்லை.

அப்போதுதான் எனக்குக் காது சுட்டது.
உட்லண்ட்ஸ் நூலகத்தில் நான் எடுத்த பிரதியில்
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு
காய்ந்த பசையும் ஒரு நூலும்தான்.
அப்பா இரவெல்லாம் கிடங்குக் காவலில்,
அம்மா பகலெல்லாம் சில்லுத் தொழிற்சாலையில்
இருந்த வருடம் அது.
பஸ்ஸின் பின்சீட்டில், பத்து வயதில்,
மிச்சத்தை நானே முடித்திருக்கிறேன்.
முடித்ததை மறந்துவிட்டு
முப்பத்தோரு வருடம்
படித்ததாகவே சொல்லிவந்திருக்கிறேன்,
ஆசிரியரைப் பாராட்டி.

சொன்னேன்.
குமணன் சிரித்துச் சிரித்து இருமினான்.
நிலோஃபர் சிரிக்கவில்லை.
மேசையிலிருந்த உப்புக் குப்பியை எடுத்து
மெல்ல என் பக்கம் தள்ளினாள்.

பையன் வந்து
அதையும் எடுத்துக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை அவளிடமிருந்து ஒரு படம்.
ஜொகூரில் அக்கா வீட்டுப் பெட்டிக்கு அடியில்
புத்தகம் கிடைத்துவிட்டதாம்.
கடைசிப் பக்கம். ‘நீயே பாரு.’

மங்கலான சதுரம், நடுவில் இறங்குகிற அம்பு.
தொட்டால் தெளிந்துவிடும்.
எம்ஆர்டியில் தொடவில்லை.
மதியச் சாப்பாட்டிலும் தொடவில்லை,
அன்று ரசத்தில் உப்பு சரியாக இருந்தது.

இன்று வெள்ளி. குமணன் கேட்கிறான்:
‘யாரு ஜெயிச்சது?’

‘தெரியலை,’ என்று அடித்தேன்.
‘கண்ணாடியை ஆபீஸ்ல விட்டுட்டேன்.’

கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.