அறுபத்து மூன்றாவது கூட்டம்

இசை ரசிகர் மன்றக் குறிப்பேட்டில்
நான் எழுதியது இவ்வளவுதான்:
'ஜாஸ் பாட்டு. பெங்களூர் கெத்சியாள்.
வருகை முப்பத்தொன்று. தேநீர், முறுக்கு.'

எழுதாதது இது.

முதலில் அந்தப் பெரிய வயலின்.
ஆள் உயரம், கறுப்பு உறை.
ஜங்ஷனில் மூன்று ஆட்டோக்காரர்கள் மாட்டேன் என்றார்கள்.
நாலாவது ஆள் 'உள்ள யாருவே?' என்று கேட்டுவிட்டு
லோடு வண்டிக்குப் போன் போட்டார்.
இருநூற்றைம்பது ரூபாய். ரசீது கிடையாது.

பாளையங்கோட்டைப் பள்ளிக்கூட ஹாலில்
பியானோ இருக்கிறது என்று சொன்னது நான்தான்.
இருந்தது.
நடுவில் ஒரு கட்டை அமுக்கினால் எழும்பாது.
ஒவ்வொரு முறையும் அதை
விரல் நுனியால் தூக்கிவிட்டார் வாசிக்கிறவர்,
விருந்து வீட்டில் சோற்றிலிருந்து
மயிரை எடுத்துப் போடுகிறவர் மாதிரி,
முகம் மாறாமல்.

கெத்சியாள் சின்ன உருவம். சேலை, கான்வாஸ் ஷூ.
தாத்தாவுக்கு நாசரேத் பக்கம்.
தமிழ் அவளுக்கு ஞாயிறு பள்ளியில் கிடைத்தது.
'சமாதானத்தோடே உட்காருங்கள்' என்றாள்.
உட்கார்ந்தோம்.

முன்வரிசையில் ஆவுடையப்பன் சார்,
மின்வாரியம், ஓய்வு,
நாற்பது வருஷம் கச்சேரி கேட்ட தொடை.
தாளம் போட்டார்.
அவர் கை விழுந்த இடத்தில் பாட்டு இல்லை.
பாட்டு விழுந்தபோது அவர் கை மேலே நின்றது.
விடவில்லை. வேகமாக்கினார், மெதுவாக்கினார்,
தாலுகா ஆபீஸில் வேறு வரிசையில்
நின்றுவிட்டவர்போல் சுற்றிலும் பார்த்தார்.
பிறகு கையை எடுத்துக்
குடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது பாட்டு மழை பற்றியதாம்.
வருகிறேன் என்றவர் வராத மழை.
பாதியில் சொல் நின்றது.
தா பி டூ, யப டூ, வா ரீ
என்று இறங்கினாள்,
குறுக்குத்துறைப் படியில் வழுக்கி
விழாமல் அடுத்த படியிலும் வழுக்கிச்
சிரித்துக்கொண்டே
இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவள்போல.
பெரிய வயலின் கூடவே நடந்தது,
ஒன்றும் கேட்கவில்லை.

பாட்டு முடியுமுன் யாரோ கைதட்டினார்கள்.
முப்பத்தொரு தலை திரும்பியது.
டீ கிளாஸ் எடுக்க வந்த இசக்கிராஜா.
கெத்சியாள் அவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.
அங்கேதான் தட்டவேண்டுமாம்.
அவன் பெயர் வருகைப் பதிவில் இல்லை.

கேள்வி நேரம்.
ஆவுடையப்பன் சார் எழுந்தார்.
'நடுவுல பாடுனீங்களே, தா பி டூன்னு,
அது என்ன பாஷை? அர்த்தம் என்ன?'

மைக்கைப் பொத்தி, யோசித்து, கையை எடுத்து,
'இரண்டாம் சரணம் மறந்துபோயிற்று ஐயா' என்றாள்.

கொஞ்ச நேரம் யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லாரும்.
அவர் மட்டும் நின்றுகொண்டே,
'மறந்தா இறங்கிருவோமே நாங்க' என்றார், யாரிடமோ.

போன ஆவணியில்
சிநேகிதர் இரங்கல் கூட்டத்தில்
மைக் முன்னால் இரண்டு நிமிஷம் நின்று,
ஒன்றும் வராமல் இறங்கிவந்தவர்.

கணக்கு இருபது ரூபாய் உதைக்கிறது.
இசக்கிராஜாவுக்குக் கொடுத்தது.
எந்தத் தலைப்பில் எழுத?

எல்லாரும் போன பிறகு வேப்பமரத்தடியில்
ஆவுடையப்பன் சார் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்.
ஓர் உதைக்கும் அடுத்த உதைக்கும் நடுவே
வாய்க்குள் ஏதோ சத்தம்.
கிட்டே போனேன். நின்றுவிட்டது.

'பிளக்கத் தொடைக்கணும்வே' என்றார்.