சதுப்பு நிலம்: வரி பாதி

இருபத்திரண்டு யூரோ கட்டியாயிற்று.
பேருந்தை நிறுத்திவிட்டு வந்த வில்மாந்தாஸ்
பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

வரைபடத்தில் முதன்முறையாக
அவன் ஊருக்கென்று ஒரு நிறம்,
ஊறிய பீட்ரூட் நிறம்.
தெல்ஷேய். அதிலும் எழுத்துப்பிழை.
ஏரியைக் காணோம்.

சதுப்பு நிலம்: வரி பாதி, என்றது ஒரு கட்டம்.
வடித்தான்.
தானியம் கொழித்தது, கஜானா வழிந்தது,
பின்னணி இசைகூட மாறிற்று.

இலையுதிர்கால மழையில் வந்தார்கள்,
வெள்ளை அங்கி, கறுப்புச் சிலுவை.
ஒரு குளம்பும் புதையவில்லை.

மணி மூன்று.
ஆறரைக்கு முதல் பேருந்து.
வழியில் நிஜச் சதுப்பு, மூடுபனி,
'முப்பதைத் தாண்டாதே' என்னும் பலகை.
தினமும் அதைத் திட்டுவான்.

இன்று இருபதில் ஓட்டினான்.
பின்னிருக்கையில் யாரோ
கடிகாரத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள்.