செத்த தண்ணி

திங்கள்சந்தையில் புஷ்பதாஸ் கடைக்கு
அன்றைக்குப் புதுக் கண்ணாடித் தம்ளர்கள் வந்திருந்தன.
சுடுதண்ணியில் மூன்று தடவை அலசி
வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள்
மருமகள் ஷைனி. ஆஸ்பத்திரியில் வேலை, விரலெல்லாம் சோப்பு வாசம்.

அதில்தான் என் சோடாவை ஊற்றினார்.
ஊற்றின நுரை அடங்கியதும்
ஒன்றும் எழவில்லை.

"கேஸ் எங்க பிள்ளே? செத்த தண்ணியாக்கும் இது"
வாழைக்குலை லாரிக்கார றசலையனின் குரல்
எதிர்க்கடை வரைக்கும் போனது.

இரணியலில் என் இயந்திரத்தின் முள்
ஐந்துக்குக் கீழே இறங்கினதில்லை.
அதைப் பார்த்துப் பார்த்தே
எனக்கு ஒரு கண் லேசாகச் சுருங்கிவிட்டது.

வாயு உள்ளேதான் இருக்கிறது.
ஆனால் தண்ணீரைக் கிழித்து ஓர் ஓட்டை போட
அதற்குத் திராணி இல்லை.
கொஞ்சம் பேர் கூடி மூச்சுப் பிடித்தால்
சுற்றியுள்ள தண்ணீர் தோலை இறுக்கி
நசுக்கிவிடும்.
குமிழ் எவ்வளவு சின்னதோ
அவ்வளவுக்கு நெருக்கல்.
அதற்கு வேண்டியது ஒரு கீறல், ஒரு தூசி,
முன்பே துளிக் காற்றை ஒளித்து வைத்திருக்கும்
ஏதோ ஓர் அழுக்கு.

இதையெல்லாம் கேட்க அவர் எங்கே நிற்பார்?
புஷ்பதாஸின் தோளில் கிடந்த துவர்த்தை உருவி
இன்னொரு தம்ளரை உள்ளே ஒரு சுற்றுத் துடைத்தேன்.
"அய்யே" என்றாள் ஷைனி.
அதே குப்பியின் மீதியை ஊற்றினேன்.

துவர்த்திலிருந்து ஒரு பஞ்சு நூல்,
கண்ணுக்குத் தெரியாதது,
குழல் மாதிரி உள்ளே காற்றோடு அடியில் ஒட்டியிருக்க வேண்டும்.
அதன் வாயிலிருந்து ஒன்று. பின்னாலேயே ஒன்று.
கீழே கடுகு கோத்த மாதிரி நெருக்கம்,
மேலே போகப்போகப் பருத்து, விரைந்து,
ஒன்றையொன்று விட்டு விலகி
விளிம்பில் சிதறின.

லாரியில் கிளீனர் ஹாரன் அடித்தான்.
றசலையன் குனிந்தவர் நிமிரவில்லை.
"இது எப்பம் நிக்கும்?"
"கேஸ் தீரும்போ. நூலு அங்கயே கெடக்கும்."

பிறகு, காசு கொடுத்ததாச்சே என்று
முதல் தம்ளரை, அந்தச் செத்த தண்ணியை,
ஒரே மடக்கில் குடித்தார்.
நாக்கைக் கடித்திருக்கும். கண் நிறைந்துவிட்டது.
வந்த ஏப்பத்துக்குப் படியில் கிடந்த நாய்
எழுந்து போய் வேறிடத்தில் படுத்தது.

நோட்டில் எழுதியிருந்த பன்னிரண்டு கிரேட்டை
புஷ்பதாஸ் அடிக்கவில்லை.
ஷைனி மட்டும்
நான் துடைத்த தம்ளரை இரண்டு விரலால் தூக்கிப்போய்
மறுபடியும் கழுவத் தொடங்கினாள்.