பதினாறில் இரண்டு

ஊத்துக்கோட்டையில், சோதனைச்சாவடிக்கு எதிரில் என் கடை.
லாரிக்காரர்களுக்கு பர்மிட் படிவம் நிரப்பித் தந்த நாளில்
தாளுக்கு இருபது ரூபாய்.
ஜிஎஸ்டி வந்தது. லாரிகள் நிற்பதை விட்டன.
தடுப்புக் கட்டை தூக்கினபடியே துருவேறி நிற்கிறது,
பதில் தெரியாமல் கையைத் தூக்கிவிட்ட பையன் மாதிரி.

இப்போது ஆதார் திருத்தம், வில்லங்கச் சான்று, ஜெராக்ஸ்.
ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மூன்றாம் நம்பர் கணினிக்குப் போவேன்.
அதில் மட்டும்தான் அந்த ஆட்டம் இருக்கிறது.

பிரிண்டர் பார்க்க வந்த யுகந்தர் எட்டிப் பார்த்தான்.
"அக்கா, இதையெல்லாம் இன்னுமா ஆடுவாங்க?"
அவன் போன் ஆட்டத்தில் புல் இழை இழையாக அசைகிறது.
துப்பாக்கிக்குப் பொன் பூச்சு,
அதற்கு அவன் சம்பளத்தில் பிடித்தம்.

கேள்வி நியாயம்தான்.
இதில் சுவரெல்லாம் அட்டைப்பெட்டி.
வானம் ஒரே படம், எந்நேரமும் நாலு மணி வெயில்.
செத்தவன் கை கதவைத் துளைத்து
அடுத்த அறையில் நீட்டிக்கொண்டிருக்கும்.
சரிசெய்யச் சொல்ல அந்த கம்பெனியே இப்போது இல்லை.
சர்வர் பட்டியலில் நாற்பது பெயர்.
முப்பத்தொன்பதில் சைபர்.
மிச்ச ஒன்றில் பதினாறு இடத்துக்கு இரண்டு பேர்;
நான் நுழைந்தால் மூன்று என்று எண்ணிவிடாதீர்கள்,
அந்த இரண்டில் ஒருத்தி நான்.

இன்னொருவன் பெயர் பாஷா டைலர்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம். நாகலாபுரமாக இருக்கலாம்,
சத்தியவேடாக இருக்கலாம், கேட்டதில்லை.
பஸ்ஸில் போனால் எவ்வளவு நேரமோ,
தோட்டா உடனே வந்துவிடுகிறது.

நடுவில் ஒரு மாதம் ஒரு திருட்டு ஆட்டக்காரன் வந்தான்.
சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும்
ஏதோ மென்பொருள் அவனிடம்.
எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிக் கொன்றான்.
விரட்டியிருக்கலாம்.
மூன்றாவதாக ஒரு ஆள் என்று செத்துக்கொடுத்தோம்.
அவனுக்கே அலுத்துவிட்டது.

பிச்சாட்டூர் அணையைத் திறந்த டிசம்பர்.
தரைப்பாலம் முங்கி, போலீஸ் கயிறு கட்டி,
தக்காளி வண்டி இந்தப் பக்கம்
கல்யாண வேன் அந்தப் பக்கம்.
இன்வெர்ட்டரில் இருபது நிமிடம் பாக்கி.
நான் கிடங்கு மூலையில், இரண்டு தோட்டாவோடு, பதுங்கி.
ஆங்கில எழுத்தில் தெலுங்கு வந்து விழுந்தது:
ஏரு ஒச்சிந்தி. அக்கட எலா உந்தி?
ஆறு வந்துவிட்டது, அங்கே எப்படி?
தட்டச்சுக்காகத் துப்பாக்கியை விட்டேன்.
ரோட்டில் முழங்கால் அளவு, கடைக்குள் இன்னும் வரவில்லை,
என்று அடித்து அனுப்பின நொடியில்
நெற்றியில் சுட்டான்.
சுட்டபிறகு எழுதினான்: ஜாக்ரத்த.
எதற்கென்று இன்றுவரை தெரியாது.

யுகந்தரை உட்காரவைத்தேன்.
பத்து நிமிடத்தில் பதின்மூன்று முறை செத்தான்.
"யாருக்கா இந்த ஆள்?"
"தெரியாது."
"ரொம்ப மோசமான கிராஃபிக்ஸ்," என்றான்,
பிரிண்டருக்கு முந்நூற்றைம்பது வாங்கிக்கொண்டு போனான்.

நேற்று கணக்கு முடிக்கத் தாமதம், பத்தேகால்.
உள்ளே போகாமல் வேடிக்கைப் பார்வையில் மட்டும் நுழைந்தேன்.
காலி மைதானம்.
தண்ணீர்த் தொட்டிச் சுவரில்
அவன் தோட்டாவால் என்னவோ எழுதிக்கொண்டிருந்தான்.
இந்த ஆட்டத்தில் துளைகள் அரை நிமிடம்தான் நிற்கும்.
முதல் எழுத்து அழியுமுன் கடைசி எழுத்தைப் போட்டுவிடப் பார்க்கிறான்,
முடியவில்லை, மறுபடி ஆரம்பத்திலிருந்து, மறுபடி.
எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது.
ஒரு சுழி, அதன் மேல் ஒரு டிக் குறி, பக்கத்தில் இன்னொரு சுழி.
நாலாவது முறை ஏறக்குறைய முடித்துவிட்டான்.

சத்தமில்லாமல் உள்ளே இறங்கி
பின்பக்கமாகப் போய்
கத்தியால் குத்தினேன்.