பன்னிரண்டு நிமிடம்

இந்தப் பள்ளத்தாக்கில் வழக்கமாக நாற்பது போன்கள்.
அவற்றிலும் பாதி ஆட்டுத்தோல் கோட்டுக்குள்
தூங்கிக்கொண்டிருக்கும்.
இன்று பதினோராயிரம்.

லாரியின் முதுகில் கோபுரத்தை நிமிர்த்தி
நாலு திசையும் கம்பி இழுத்துக் கட்டினார் துகெர்சூரென்.
"காற்று அடித்தால் நாதாம் விழாவின்
முதல் மல்யுத்தத் தோல்வி இதுதான்" என்றார்.
நான் சிரிக்கவில்லை.
என் முன்னால் வரைபடம் ஏறத் தொடங்கியிருந்தது.

குன்றின் மேல் ஒரு தட்டு.
அடுத்த ஊரின் குழாயிலிருந்து நமக்கும் கொஞ்சம் வார்க்கிறது.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
அதைத்தான் பங்கிட வேண்டும்.

ஆகவே முந்தின இரவு விதி எழுதினேன்,
உப்புத் தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை:
கேட்கிற எண்ணுக்கு வேகத்தை உயர்த்து.
பன்னிரண்டு நிமிடம்.
பிறகு சொல்லாமல் இறக்கு.
ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி கேட்டால்
காதில் விழாதது போல் இரு.
ஆம்புலன்ஸ் மட்டும் கேட்காமலே பெறும்.

ஏற்றிவிட்டவரை யாரும் நினைப்பதில்லை.
இறக்கியவரை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுவார்கள்.

அடிவானத்தில் முதலில் தூசி.
பிறகு தூசிக்குள் கால்கள்.
பதினோராயிரம் கைகள் ஒன்றாக மேலே போயினவாம்,
துகெர்சூரென் சொன்னார்.
நான் கண்டது சிவப்புக் கோடு ஒன்று
முன்னங்கால் தூக்கி நின்றதை.
கொடுத்தேன்.
அடுத்த ஊரில் வங்கி இயந்திரம்
யாரோ ஒருவரின் பணத்தைப் பாதி எண்ணி நின்றிருக்கும்.
ஒரு மாணவியின் பாடம் வட்டமாகச் சுழன்றிருக்கும்.
அவர்களிடம் கேட்டு எடுக்கவில்லை.

ஜெயித்த குதிரையின் வியர்வையைத் தொட்டு
நெற்றியில் பூசிக்கொள்ள முண்டியது கூட்டம்.
பன்னிரண்டு நிமிடம் முடிந்தது.
இறக்கினேன்.
எல்லோரும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்,
ஒரே குதிரையை, பதினோராயிரம் தடவை.

அந்த வரிசையின் வாலில் ஓர் எண்
இரண்டாம் முறை கேட்டது. மறுத்தது என் விதி.
மூன்றாம் முறை.
பிறகு லாரிக் கதவில் விரல் மூட்டுகள்.
"இஞ்சியோனில் என் தங்கை," என்றாள் வந்தவள்,
"மீன் தொழிற்சாலை. இடைவேளை கால் மணிதான்.
அவள் பையன் இன்னும் வந்து சேரவில்லை.
பாருங்கள், கட்டம் கட்டமாக இருக்கிறது."
பார்த்தேன்.
கட்டங்களுக்குள் ஒரு முகம்
எங்கள் புல்வெளியைத் துழாவிக்கொண்டிருந்தது.

விதியை இவளுக்கு உடைத்தால்
வரிசை முழுவதுக்கும் உடைக்க வேண்டும்.
உடைக்கவில்லை.
வேறெங்கே மிச்சம் என்று பார்த்தேன்.
என் வரைபடம் இருந்தது:
நொடிக்கு நொடி நெட்வொர்க்கின் நாடியைப் பிடித்து
தலைநகரத்துக்கு அனுப்பும் ஓடை,
யாரும் தொடக்கூடாத ஒதுக்கீடு.
அணைத்தேன்.
விடுபட்டதை அவள் எண்ணுக்குத் திருப்பினேன்.
திரை கறுத்தது.

செய்ய வேலை இல்லாததால் வெளியே இறங்கினேன்.
காலையிலிருந்து ஒரு குதிரையைக்கூட
நான் பார்க்கவில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

பில்கூன் வந்தான். கடைசி.
இரண்டு வயதுக் குட்டி; ஓடியது என்று சொன்னால் பொய்.
நடுவழியில் நின்று புல்லைக் கடித்தது.
அவன் அதட்டினான், அது மென்றது.
கடைசியாக வரும் குட்டிக்கும் எங்களிடம் வாழ்த்து உண்டு,
வயிறு நிறைந்தவனே என்று அழைத்து
வரும் ஆண்டு முன்னே வா என்று.
வாழ்த்துக்காரர் தொண்டையைச் செருமி மூச்சு எடுப்பதற்குள்
அக்காவின் உள்ளங்கையிலிருந்து ஒரு குரல்,
கடல் தாண்டி, துளி நடுக்கமின்றி:
"தாடைப் பட்டையை மாட்டுடா! மாட்டு!"

மாட்டினான்.

நான்கு நிமிடம்.
திரும்பிப் போய் ஓடையைத் திறந்தேன்.
கோடு ஒன்றுமே நடக்காதது போல் ஓடியது.

மாலை அறிக்கையில் ஒரு வெள்ளை இடைவெளி.
காரணம் கேட்ட கட்டத்தில்
'காற்று' என்று எழுதி, அடித்து,
'தற்காலிகம்' என்றேன்.
வெளியே துகெர்சூரென் கம்பிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.
வங்கி இயந்திரம் இந்நேரம்
மீதியை எண்ணி முடித்திருக்கும்.