நழுவிய தட்டு

தட்டு நழுவியது கம்பியில் அல்ல,
முதுகில்.

திங்கள்: வெறும் கம்பி, இருபது கிலோ.
முன்பு இதை மெர்வி
எடையாகவே எண்ணியதில்லை.

புதன்: தரையில் மல்லாந்து மூச்சு மட்டும்.
வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக்கூடாது என்றார் பிசியோ.
எப்போது கேட்டாலும் மூன்று என்கிறாள்.

சனிக்கிழமை பக்கத்து மேடையில்
யாரோ நூற்றைம்பதைக் கீழே போட,
அதிர்வு இவள் குதிகாலில் ஏறி
இடுப்போடு நின்றுவிடுகிறது.
இரண்டரைக் கிலோ, பக்கத்துக்கொன்று.
போதும்.

ஞாயிறு, விடியுமுன் நாலு மணி.
தாம்பெரேயில் இரவெல்லாம் பனி.
தெருவிலிருந்து அதைத் தள்ள
இவள் வண்டிதான் போகவேண்டும்.
கட்டில் விளிம்பில் குனிந்து
நவம்பருக்குப் பின் முதல்முறை
தானே சாக்ஸ் மாட்டுகிறாள்.

பயிற்சி நோட்டில்:
சாக்ஸ். காலுக்கு ஒன்று.
வலி, ஐந்து.